‘கடல் கொண்டது’: ஒரு தொடரும் நான்கு நிகழ்ச்சிகளும்

தமிழ்ப்பள்ளியில் இலக்கிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் எவரும் முதற்பாடத்திலேயே கடலைப் பற்றிப் பேசியாக வேண்டும். தலைச்சங்கம், இடைச்சங்கம் என்று தொடங்கியவுடனே தென்மதுரையும் கபாடபுரமும் கடலுள் மறைந்த செய்தியைச் சொல்ல நேர்கிறது. அப்பொழுது கூர்மையான மாணவன் ஒருவன் எழுந்து இரண்டு வினாக்களைக் கேட்பான். கடல் மெய்யாகவே நாட்டைக் கொள்ளுமா? கொள்ளுமாயின் எக்காரணத்தால் கொண்டது?

இவ்வினாக்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. பழைய உரைகளில் எழுதப்பட்ட ஒவ்வோர் எழுத்தும் வரலாறே என்பார் ஒருசாரார். அவை யாவும் கட்டுக்கதையே என்பார் மற்றொருசாரார். அண்மைக் காலத்தில் மூன்றாவது சாரார் தோன்றியுள்ளனர். கடல்மட்டம் உயர்ந்து வருகிறது என்ற செய்தியைச் செய்தித்தாளில் கண்டதும், “கடல் அன்றும் ஏறிற்று, இன்றும் ஏறுகிறது, நம் முன்னோர் கண்டதுதானே! இதில் புதுமை என்ன?” என்று கூறி அமைபவர் இவர். முன்னைய இருசாராரையும்விட இவர் கூற்றே இன்று ஆராயத் தக்கது. ஏனெனில் இது பழந்தமிழ் நூலைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கண்முன் நிகழ்வதைக் காணாதிருக்கச் சொல்கிறது. நூல்கள் அதற்கு இடம் தருகின்றனவா என்பதை முதலில் நோக்குவோம்.

நூல்கள் கூறுவது எவ்வளவு?

கடல்கோளைப் பற்றிய குறிப்புக்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தல் வேண்டும். புறநானூற்றில் நெட்டிமையார் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும்போது பஃறுளி ஆற்றின் மணலைக் குறிப்பிடுகின்றார். அப்பாட்டில் பஃறுளி ஓர் ஆறு, அவ்வளவே. அதனைக் கடல் கொண்டதாக அங்கே பேச்சில்லை. கலித்தொகையின் முல்லைக்கலியில், தன் மண்ணைக் கடல் கவர்ந்துகொள்ள, அதற்கு ஈடாகப் பகைவர் நிலத்தை வென்றுகொண்ட பாண்டியன் ஒருவன் பேசப்படுகின்றான். கடல் கவர்ந்த நிலம் எத்துணைப் பெரிது என்று புலவர் கூறினாரல்லர். அவர் நோக்கம் மன்னனின் ஊக்கத்தைப் புகழ்வது.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் இச்செய்தி விரிகின்றது. பஃறுளி ஆற்றோடு குமரிக்கோடும் கடலுக்கு இரையானதாக அங்குக் கேட்கிறோம். இதற்கு ஒரு காரணமும் கூறப்படுகின்றது. பாண்டியன் தன்மீது வேலெறிந்த பகையைப் பொறாமல் கடல் சீறிற்று என்பதே அது. மணிமேகலை புகார் நகரின் அழிவுக்கு வேறொரு காரணம் கூறுகின்றது. மகனை இழந்து கலங்கிய சோழன் இந்திரவிழாவை மறந்தான். அதனால் நேர்ந்த சாபத்தால் நகரைக் கடல் கொண்டது என்பது அக்காப்பியத்தின் கூற்று.

ஆக, இரட்டைக் காப்பியங்களும் கடல்கோளுக்குக் காரணம் கூற முற்படுகின்றன. இரண்டும் கூறும் காரணம் அறத்தைச் சார்ந்ததேயன்றி இயற்கையைச் சார்ந்ததன்று. ஒன்றில் மன்னனின் செருக்கு. மற்றொன்றில் மன்னனின் மறதி. காப்பியப் புலவர் செய்ய வேண்டியதும் இதுவே. அவரிடம் நிலநூலை எதிர்பார்த்தல் நம் பிழையாகுமேயன்றி அவர் பிழையாகாது.

உரையாசிரியர் எழுதிய ஒரு சொல்

மூன்று சங்கங்களின் வரலாறு முதன்முதலில் விரிவாகக் காணப்படுவது இறையனார் அகப்பொருள் உரையில். அவ்வுரை நக்கீரர் பெயரால் வழங்கினும், பத்துத் தலைமுறை வாய்மொழியாக வந்து பின்னர் எழுத்தில் அமைந்தது என்று அதுவே கூறுகின்றது. நெல்வேலியில் வென்ற பாண்டியனைப் புகழும் கோவைச் செய்யுட்களை அது மேற்கோளாக ஆளுதலால், கி.பி. ஏழாம் நூற்றாண்டிற்கு முன் அஃது இப்பொழுதுள்ள வடிவை அடைந்திருக்க முடியாது. எனவே இடைச்சங்கத்தின் முடிவைப் பற்றி அது கூறும்போது, நெடுங்காலத்திற்கு முன்பு நிகழ்ந்ததாகத் தான் கேட்ட ஒன்றையே கூறுகின்றது.

இதனை அவ்வுரையாசிரியர் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் வாக்கிலேயே சான்றுண்டு. கபாடபுரத்துக் காலத்தில் பாண்டியனாட்டைக் கடல் கொண்ட செய்தியைக் கூறும் இடத்தில் அவர் ‘போலும்’ என்னும் சொல்லைப் பெய்துள்ளார். ‘போலும்’ என்பது ஒப்பில்போலியாய் உரையசையாகவும் வருமென்று சிலர் கூறலாம். ஆயினும் அதே பகுதியில் ‘என்ப’ என்னும் சொல்லும் திரும்பத் திரும்ப வருதலைக் காண்க. பிறர் கூறினர், தாம் கண்டதன்று என்னும் எல்லையைக் காத்துக்கொண்டே அவர் எழுதிச் செல்கின்றார். பிற்காலத்துப் பாடநூல்களும் மேடைப்பேச்சுக்களும் ‘என்ப’வையும் ‘போலு’மையும் உதிர்த்துவிட்டு எஞ்சியதை மட்டும் எடுத்துக்கொண்டன. உரையாசிரியர் காட்டிய அடக்கம் அவரைப் போற்றுவோரிடம் இல்லாமற் போனது வியப்பே.

எண்கள் கூறும் சான்று

அவ்வுரை தரும் எண்களையும் நோக்கல் வேண்டும். தலைச்சங்கம் 4440 ஆண்டு. இடைச்சங்கம் 3700 ஆண்டு. கடைச்சங்கம் 1850 ஆண்டு. இம்மூன்றையும் 37ஆல் வகுத்தால் முறையே 120, 100, 50 என்று மீதியின்றி ஈவு வரும். ஆண்டுதோறும் எண்ணி எழுதிவைத்த கணக்கு இவ்வாறு ஒழுங்குபட அமைவது அரிது. தலைச்சங்கத்தில் இருந்த பாண்டியர் 89 பேர் என்பதனால் ஒவ்வொருவரும் சராசரி 50 ஆண்டும், இடைச்சங்கத்தில் இருந்தவர் 59 பேர் என்பதனால் ஒவ்வொருவரும் சராசரி 63 ஆண்டும் அரசாண்டிருத்தல் வேண்டும். தந்தைக்குப் பின் மகன் என்று வரும் எந்த அரச மரபிலும் இது நிகழ்ந்ததில்லை.

சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் மேலும் விரித்துரைப்பார். வேனிற்காதையின் தொடக்கத்தில் தமிழகத்தின் தென்னெல்லையைக் கூறுமிடத்து இளங்கோவடிகள் ஆற்றைச் சுட்டாமல் கடலைச் சுட்டினார். குமரி ஆறு இருக்கக் கடலைக் கூறியது ஏன் என்னும் வினா உரையாசிரியருக்கு எழுந்தது. அவ்வினாவிற்கு விடையாகவே பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே 700 காவதப் பரப்பும், ஏழ்தெங்க நாடு முதலாக ஏழேழாய் 49 நாடுகளும் கடலுள் ஆழ்ந்தன என்று அவர் எழுதினார். ஒரு செய்யுட் சொல்லை விளக்கப் புகுந்த இடத்தில் கூறப்பட்டது இது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். ஏழு, ஏழேழு, எழுநூறு என்று எண்கள் அடுக்கி வருவதும் கருதத் தக்கது.

காவதம் என்பதைப் பத்து மைல் என்று கொள்வாரும் உளர். அவ்வாறு கொண்டால் 700 காவதம் 7000 மைலாகும். குமரிமுனை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 8 பாகையில் உள்ளது. அங்கிருந்து தென்துருவம் வரை 98 பாகை. பாகை ஒன்றுக்கு 69 மைலாகக் கணக்கிட்டால் 6800 மைலுக்கும் குறைவு. பஃறுளி ஆற்றைத் தென்துருவத்திற்கும் அப்பால் தேட வேண்டியிருக்கும்! ஆறாம் வகுப்பு மாணவனும் கரும்பலகையில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. காவதத்தைக் குறுக்கி அளப்பார் இவ்விடர்ப்பாட்டிலிருந்து தப்பலாம். ஆனால் அளவே உறுதிப்படாத ஒன்றைக்கொண்டு ஒரு கண்டத்தின் பரப்பை எவ்வாறு அறுதியிடுவது?

இங்கே முன்னைய தலைமுறை அறிஞர்க்கு நேர்மை செய்தலும் கடன். 1864ஆம் ஆண்டில் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் காணப்படுவதற்குக் காரணம் காட்ட, இடையே ஒரு நிலப்பரப்பு இருந்து ஆழ்ந்ததாகக் கருதி அதற்கு இலெமூரியா என்று பெயரிட்டார். அக்கருத்து அக்கால அறிவியலார் பலராலும் ஏற்கப்பட்டது. பாவாணர் முதலிய தமிழறிஞர் அதனைக் குமரி நாட்டோடு இணைத்தது அக்கால நிலையில் வியப்பன்று. ஆனால் கண்டங்கள் நகர்கின்றன என்னும் கொள்கை 1960களில் உறுதிப்பட்ட பின், ஆழ்ந்த கண்டம் ஒன்றைக் கற்பிக்க வேண்டிய தேவை அறிவியலுக்கு இல்லாது போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிரிந்தவை. அப்பிரிவு மனித இனம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முற்பட்டது.

கடல் கொண்ட புகாரும் கடல் அகன்ற கொற்கையும்

‘கடல் கொண்டது’ என்னும் தொடரின் பொருளை அறிய, நாம் காணக்கூடிய ஊர்களை நோக்குதல் நலம். புகார் நகர் முழுதும் கடலுள் மறைந்தது என்றே நாம் கற்பிக்கின்றோம். ஆனால் கி.பி. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனீச்சரத்தைப் பாடியுள்ளார். அவ்வூரை ஒட்டிய கீழையூரில் 1960களில் நடந்த அகழ்வாய்வில் செங்கல்லாற் கட்டப்பட்ட பழைய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. அது கடலுக்கடியில் இல்லை, நிலத்தில்தான் உள்ளது. எனவே நகரின் ஒரு பகுதியைக் கடல் அரித்துக் கொண்டிருக்கலாம்; மற்றொரு பகுதி ஆறு தன் போக்கை மாற்றியதால் துறைமுகத் தொழிலை இழந்திருக்கலாம்.

இதற்கு மறுதலையாகக் கொற்கையைக் காண்க. முத்துக்கும் பாண்டியர் துறைமுகத்திற்கும் பெயர்பெற்ற அவ்வூர் இன்று கடற்கரையில் இல்லை. சில மைல் உள்ளே இருக்கின்றது. தாமிரபரணி கொண்டுவந்து குவித்த வண்டல் நிலத்தை வளர்க்க, கடல் அகன்று போயிற்று. புகாரின் அழிவைப் பாடக் காப்பியம் இருந்தது. கொற்கையின் கடல் அகன்றதைப் பாட எவரும் இலர். ஒரே தமிழ்க் கரையில் ஓரிடத்தில் கடல் ஏறியும் ஓரிடத்தில் அகன்றும் இருத்தலால், கரை மாறியது ஒன்றைக்கொண்டே கடல்மட்டம் மாறியதெனக் கொள்ளலாகாது.

உண்மையில் ‘கடல் கொண்டது’ என்னும் ஒரு தொடருக்குள் நான்கு நிகழ்ச்சிகள் அடங்கியுள்ளன. முதலாவது ஆழிப்பேரலை. 26.12.2004 அன்று சுமத்திரா அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அலை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பினாங்கு, கெடா கரைகளிலும் உயிர்களைக் கொண்டது. சில மணி நேரத்தில் அந்நீர் வடிந்துவிட்டது. இரண்டாவது புயலால் கடல் பொங்குதல். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்தது இதுவே. மூன்றாவது, கரை அரிக்கப்படுதலும் நிலம் தாழ்தலும். இங்கே கடல் தன் மட்டத்திலேயே நிற்க, நிலம் குறைகின்றது. நான்காவது, கடலின் மட்டமே உயர்தல். முதல் இரண்டும் ஓரிரவில் நிகழ்வன. பின்னிரண்டும் தலைமுறைக் கணக்கில் நிகழ்வன. ஒன்றுக்குரிய சான்றை மற்றொன்றிற்குக் காட்டுதல் வழக்காடு மன்றத்திலும் செல்லாது, ஆராய்ச்சியிலும் செல்லாது.

மலாக்கா நீரிணை நிலமாக இருந்த காலம்

அப்படியாயின் கடல்மட்டம் பெரிய அளவில் உயர்ந்ததே இல்லையா? உயர்ந்ததுண்டு. இதற்குச் சான்று தேடத் தமிழகம் வரை செல்ல வேண்டுவதில்லை. பேராக் மாநிலத்தின் கரைக்கு எதிரேயுள்ள மலாக்கா நீரிணையே சான்று. இற்றைக்கு ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், வட நாடுகளின் மீது பனிப்பாளம் மலைபோற் குவிந்திருந்தது. அதற்குரிய நீரெல்லாம் கடலிலிருந்து சென்றதாதலின் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டருக்கும் கீழே இருந்தது. அப்பொழுது மலாயா, சுமத்திரா, ஜாவா, போர்னியோ யாவும் ஒரே நிலம். லூமுட்டில் நின்ற ஒருவன் கால் நனையாமல் சுமத்திராவிற்கு நடந்து சென்றிருக்கலாம்; ஆறுகளைத்தான் கடந்திருக்க வேண்டும். அவ்வாறே தமிழகமும் ஈழமும் ஒட்டியிருந்தன. குமரிமுனைக்குத் தெற்கேயும் இன்று கடலாயுள்ள ஒரு நிலப்பகுதி வெளிப்பட்டிருந்தது.

புவி கதிரவனைச் சுற்றும் முறையில் நெடுங்கால இடைவெளியில் ஏற்படும் சிறு மாற்றங்களால் பனி உருகத் தொடங்கியது. கடல் ஏறிற்று. சுந்தா மேடையின் கடலடி மண்ணை ஆராய்ந்தவர், 14,600 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 300 ஆண்டுக் காலத்தில் மட்டும் கடல் 16 மீட்டர் வரை உயர்ந்ததாகக் கண்டுள்ளனர். ஏறக்குறைய 7000 ஆண்டுகளுக்கு முன் அப்பெரிய ஏற்றம் பெரும்பாலும் நின்றது. மலாயாக் கரையில் அதன்பின் நடந்தது இன்னும் வியப்பானது. 6000 முதல் 4000 ஆண்டுகளுக்கு முன் இங்குக் கடல் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்து நின்று, பின்னர் மெல்ல இறங்கிற்று. பனிச்சுமை நீங்கிய நிலங்களும் நீர்ச்சுமை ஏறிய கடலடியும் அசைந்து தம் நிலையைச் சரிசெய்துகொண்டதன் விளைவு அஃது என்பர் அறிவியலார்.

ஈப்போவில் வாழ்வோர் இங்கு ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். குனோங் சீரோ, குனோங் ராப்பாட் முதலிய குன்றுகள் சுண்ணாம்புக் கல்லாலானவை. அக்கல் கடலில் உண்டானது. கிந்தாச் சமவெளியின் கல்லில் கடற்சிப்பிகளின் பதிவுகளும் கிடைத்துள்ளன. இது கடல்கோளுக்குச் சான்றாகாதா? ஆகாது. அக்கற்கள் உண்டாகி முப்பது நாற்பது கோடி ஆண்டுகள் ஆகின்றன. கடலடியில் படிந்தது பின்னர் நிலவியக்கத்தால் மேலெழுந்தது. கல்லிலுள்ள சிப்பி கல்லின் வயதைச் சொல்லும். கபாடபுரத்தின் கதையைச் சொல்லாது.

எஞ்சும் வினா ஒன்றுண்டு. 7000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த கடல் ஏற்றத்தின் நினைவு வாய்மொழியாக வந்து நம் நூல்களில் தங்கியிருக்கக் கூடுமா? கூடவே கூடாது என்று மறுத்தற்கில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் கரையோரத்தில் 21 இடங்களில் கடல் நிலத்தைக் கொண்டதாக வழங்கும் கதைகளை நன், ரீட் என்னும் இருவர் தொகுத்து ஆராய்ந்து, அவை 7000 ஆண்டுக்கும் முற்பட்ட நினைவாகலாம் என்று எழுதியுள்ளனர். ஆனால் அக்கதைகள் இன்ன தீவு, இன்ன விரிகுடா என்று இடத்தைச் சுட்டுகின்றன. அவ்விடத்தின் ஆழத்தை அளந்து காலத்தைக் கணிக்க முடிகின்றது. நம் உரைகள் சுட்டும் இடங்களை அவ்வாறு அளக்க இயலவில்லை. அன்றியும், அத்துணை முற்பட்ட நினைவாயின் அதில் நகரமும் சங்கமும் அரியணையும் இருத்தற்கில்லை. கதையின் வித்து மெய்யாயிருக்கலாம். அதன்மேல் எழுந்த மாடங்கள் பிற்காலத்தவர் கட்டியவை என்று கொள்வதே நடுநிலையாகும்.

இன்றைய ஏற்றம் எத்தகையது?

இனி மூன்றாம் சாராரின் கூற்றுக்கு வருவோம். கடல் இன்று உயர்கின்றதா? உயர்கின்றது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி 20 செண்டிமீட்டர் உயர்ந்துள்ளது. முற்பகுதியாகிய 1901-1971 காலத்தில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம், 2006-2018 காலத்தில் 3.7 மில்லிமீட்டராயிற்று. இக்கணக்கு ஓரிடத்துக் கரையைப் பார்த்துக் கூறியதன்று. துறைமுகங்களில் நாட்டப்பட்ட ஓதமானிகளும், 1993 முதல் விண்ணிலிருந்து கடற்பரப்பை அளந்துவரும் செயற்கைக்கோள்களும் தனித்தனியே தரும் சான்று இது. ஓதமானி நிலத்தின்மீது நிற்பதால் நிலம் தாழ்ந்தாலும் கடல் உயர்ந்ததுபோற் காட்டும். விண்கோளுக்கு அக்குறை இல்லை.

காரணம் யாது? 1971 முதல் 2018 வரை நிகழ்ந்த ஏற்றத்தில் ஏறக்குறையப் பாதி, கடல்நீர் சூடேறி விரிந்ததால் வந்தது. சோற்றுப் பானையில் தளும்ப வைத்த நீர் கொதிக்குமுன்னரே வழிவதைக் கண்டவர்க்கு இது விளங்கும். ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்டது மலைப் பனியாறுகள் உருகியதால். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிரீன்லாந்து, தென்துருவப் பனிப்பாளங்கள் கரைந்ததால். எஞ்சிய சிறு பங்கு நிலத்தடி நீர் முதலியன கடலிற் சேர்ந்ததால். வடகடலில் மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் உயரும் என்று சிலர் எழுதுகின்றனர். அது பெரிதும் பிழை. குவளையில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தால் நீர் வழிவதில்லை. நிலத்தின்மேல் இருந்த பனி கடலுக்கு வந்தால்தான் மட்டம் உயரும்.

சூடேறக் காரணம் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தலும் காடழித்தலுமே. காற்றில் கரியமிலவாயு தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்தது. இன்று 420க்கும் மேல். பழைய ஏற்றத்திற்குக் காரணம் புவியின் சுழற்சியில் வந்த மாற்றம். இன்றைய ஏற்றத்திற்கு அக்காரணம் பொருந்தாது. முன்னொரு காலத்தில் காடு இடியால் தீப்பற்றியதைக் காட்டி, இன்று தீ வைத்தவனை விடுவிக்க முடியாதன்றோ? முற்காலத்தில் கடல் ஏறியது என்னும் உண்மை நமக்கு ஆறுதல் தருவதன்று. வெப்பம் மிகுந்தால் கடல் எவ்வளவு ஏறக்கூடும் என்னும் எச்சரிக்கையையே அது தருகின்றது. அன்று ஏறியபோது கரையில் துறைமுகமும் பள்ளியும் தோட்டமும் இல்லை. மக்கள் தம் உடைமையைத் தோளில் இட்டுக்கொண்டு உள்நாட்டிற்கு நடந்தனர்.

ஏழ்தெங்க நாடும் பாகான் டத்தோவும்

அடியார்க்குநல்லார் அடுக்கிய 49 நாடுகளில் முதலில் நிற்பது ஏழ்தெங்க நாடு. தென்னையாற் பெயர்பெற்ற நிலத்தைக் கடல் கொண்டதாக அவர் எழுதினார். பேராக்கின் தென்கரையில் தென்னையாற் பெயர்பெற்ற பகுதி ஒன்றுண்டு. அதுவே பாகான் டத்தோ. ஈப்போவைச் சுற்றிய இரப்பர்த் தோட்டங்களில் மேட்டு நிலத்தில் தமிழர் பால்வெட்டிய காலத்தில், அவர்தம் உறவினர் பலர் அக்கரையோரத் தென்னந்தோட்டங்களில் தேங்காய் உரித்தனர். அந்நிலம் இயல்பாக ஓதநீர் ஏறி இறங்கும் சதுப்பு. மண்கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்துக் கடலைத் தடுத்தே அது தோட்டமாக்கப்பட்டது. உவா நாளில் ஓதம் பெருகும்போது கரை உடைந்தால் வீட்டு வாசலில் உப்புநீர் நிற்கும்.

இங்கே மேற்கூறிய பகுப்பு நடைமுறைக்குப் பயன்படுகின்றது. வாசலில் நீர் நின்றால் அதற்குக் காரணம் கடல்மட்ட ஏற்றம் மட்டும்தானா? வடித்து உலர்த்தப்பட்ட சதுப்பு மண் தானே அமிழும். தழைமக்கு நிறைந்த கரிமண்ணில் அந்த அமிழ்வு ஆண்டுக்குச் சில செண்டிமீட்டராகும். கடல் ஏறுவதோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். அத்தகைய நிலத்தில் கடல் ஏறுவதைப்போல் பன்மடங்கு வேகத்தில் நிலம் இறங்குகின்றது. மேலும், நிலவின் பாதை 18.6 ஆண்டுக்கு ஒருமுறை மாறிவருதலால் பேரோதங்களின் உயரமும் கூடிக் குறையும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டு நீர் ஏறியதைக் கண்டு கடல் ஏறிற்று என்பதும், இரண்டு மூன்று ஆண்டு ஏறாதிருந்ததைக் கண்டு ஏறவில்லை என்பதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

காரணம் வேறுபட்டால் தீர்வும் வேறுபடும். நிலம் தாழ்வதற்கு மருந்து வாய்க்கால் நீரின் மட்டத்தை ஒழுங்குசெய்தல். கரை அரிப்பிற்கு மருந்து கண்டற்காட்டைக் காத்தல். நெய்தற் பாட்டுக்களில் தலைவியும் தோழியும் நிற்கும் கண்டல் இதுவே. பேராக்கின் மாத்தாங்கில் ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்பில் அது இன்றும் பேணப்படுகின்றது. வேர்களிடையே வண்டலைப் பிடித்து நிலத்தை உயர்த்தும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் கடல்மட்டமே உயர்வதற்கு ஓர் ஊராரின் மண்கரை மட்டும் மருந்தாகாது. எரிபொருளைக் குறைத்தால் இந்நூற்றாண்டின் இறுதியில் ஏற்றம் 28 முதல் 55 செண்டிமீட்டர் அளவில் நிற்கலாம் என்றும், குறைக்காமல் மிகுத்தால் 63 செண்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை செல்லலாம் என்றும் உலக நாடுகளின் அறிவியற் குழு 2021இல் கணித்துள்ளது. மண்கரையின் உச்சிக்கும் ஓதநீருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறிந்தவர்க்கு இவ்விரு எண்களின் பொருள் தெரியும்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

கடல்கோள் பாடத்தை நீக்கிவிடுதல் வேண்டா. அதனைக் கேலிசெய்தலும் வேண்டா. நூல் கூறுவது யாது, அதனைக் கூறியவர் யார், நிகழ்ச்சிக்கு எத்துணைக் காலம் கழித்துக் கூறினார், கூறப்பட்டது நான்கு நிகழ்ச்சிகளுள் எதுவாகலாம் என்னும் வினாக்களோடு அதனைக் கற்பித்தால், மாணவன் இலக்கியமும் கற்பான். சான்றைச் சீர்தூக்கும் முறையும் கற்பான். பழைய நூலில் இருப்பதைக் கூட்டாமலும் குறைக்காமலும் படிக்கப் பழகியவன், நாளைச் செய்தித்தாளில் வரும் கடல்மட்டச் செய்தியையும் அவ்வாறே படிப்பான். அச்சமூட்டுவாரிடமும் ஏமாறான், ஒன்றுமில்லை என்பாரிடமும் ஏமாறான். மாறாக, தமிழின் தொன்மைக்கு 700 காவதம் தேவை என்று அவனுக்குக் கற்பித்துவிட்டால், பின்னொரு நாள் நிலப்படத்தில் அக்காவதத்தைக் காணாதபோது அவன் தொன்மையையே ஐயுறத் தொடங்குவான். சங்கப் பாட்டுக்களின் பெருமைக்கு மூழ்கிய கண்டம் ஒன்றின் துணை வேண்டுவதில்லை.

இதற்குத் தொடக்கமாக ஆசிரியர் செய்யக்கூடிய சிறு செயல் ஒன்றுண்டு. கபாடபுரச் செய்தியைக் கரும்பலகையில் எழுதும்போது, உரையாசிரியர் எழுதிய ‘போலும்’ என்ற சொல்லையும் விடாமல் எழுதுக.